சிவப்பிக்கு ஒரு வாக்கெடுப்பு

ஒரு கிழமை முழுக்க நான் ஒரு சிவப்பு இலக்கத்தைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டு திரிந்தேன். மனைவியிடம் சொன்னேன். மைத்துனரிடம் சொன்னேன். பரந்தன் சந்தியில் தேநீர்க் கடைக்காரரிடம்கூட, "இண்டைக்கு எனக்கு நாலு!" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவர் சீனியின் அளவைச் சொல்கிறேன் என்று நினைத்து நாலு கரண்டி போட்டுவிட்டார்.

அது என்ன இலக்கம் என்று இப்போதே கேட்காதீர்கள். எனக்கே ஒரு கிழமை கழித்துத்தான் தெரிந்தது. உங்களுக்கு மட்டும் உடனே தெரிந்துவிட்டால் எப்படி?

ஒன்றை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள். இந்தப் பத்தியை எழுதுகிறவன் தபாற்கந்தோரில் வேலைசெய்து ஓய்வு பெற்றவன். அடுத்தவர்களுக்கு வந்த கடிதம், பொதி, தந்தி எல்லாவற்றையும் தவறாமல் கொண்டுபோய்ச் சேர்த்த ஆள். அந்தப் பெருமை பிறகு தேவைப்படும் — என்னை அடிப்பதற்கு.

விஷயம் இதுதான். வன்னிக் கமக்காரருக்கென்று இணையத்தில் ஒரு கலந்துரையாடல் மன்றம் இருக்கிறது. மனைவியின் தம்பி கேதீஸ் — மாங்குளத்தில் உழவு இயந்திர உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறவர் — அதற்கு மட்டுறுத்துநர். அதாவது, சண்டை வந்தால் விலக்குப் பிடிக்கிறவர். "அத்தான், நீங்களும் சேருங்கோ. நெல்லுக்கு நோய் வந்தால் போட்டோ எடுத்துப் போடலாம். ஆக்கள் மருந்து சொல்லுவினம்" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தார். சேர்ந்தேன்.

சேர்வது லேசு என்றா நினைக்கிறீர்கள்?

பெயர் கேட்டது. கொடுத்தேன். அந்தப் பெயரில் ஏற்கனவே ஒருவர் இருக்கிறாராம்! பிறந்ததிலிருந்து நான் வைத்திருக்கிற பெயர்... எவரோ எனக்கு முன்னால் போய்க் கதிரையில் இருந்துவிட்டார். கடைசியில் "பரந்தன் அண்ணை" என்று பதிந்தேன். பாஸ்வேர்ட் கேட்டது. முதலாவதைப் பலவீனம் என்றது. இரண்டாவதையும் பலவீனம் என்றது. எனக்கே ஞாபகம் நிற்காத ஒன்றைத் தட்டியபோதுதான் பச்சை நிறத்தில் "மிக வலிமையானது" என்று பாராட்டியது.

அடுத்து முகப்படம். பெயருக்குப் பக்கத்தில் நிற்கிற சின்னப் படம். சிலர் நெற்கதிரைப் போட்டிருந்தார்கள். ஒருவர் தன் உழவு இயந்திரத்தைப் போட்டிருந்தார். நான் என்னைப் போடுவது என்று முடிவெடுத்தேன். பின்னணியில் வயல் தெரியவேண்டும் அல்லவா? படலையைத் திறந்து வைத்தேன். படலைக்கு அப்பால், ஒழுங்கை தாண்டி, விதைத்து முளைத்த மாரிக் காலபோக நெல்வயல் பச்சைப் பசேலென்று கிடக்கிறது. இப்பால் வளவுக்குள் நான். போனை உயர்த்திப் பிடித்துச் சிரித்தேன். ஒன்றில் கண் மூடியிருந்தது. ஒன்றில் பாதித் தலை. ஒன்றில் என் பெருவிரல் மட்டும். கடைசியில் ஒன்று சரிவந்தது. நல்ல சிரிப்பு.

கதிரையில் வந்து இருந்து ஏற்றத் தொடங்கினேன். "கோப்பு பெரிது" என்றது. வெட்டினேன், காது போய்விட்டது. திரும்ப வெட்டினேன். இந்த மல்லுக்கட்டலுக்கு நடுவில் குசினிக்குள்ளிருந்து மனைவி தவமணியின் குரல் வந்தது.

"இஞ்சருங்கோ, சிவப்பி எங்க?"

"வளவுக்கதான் நிக்கும்."

"வளவுக்க இல்லை. படலையெல்லோ திறந்து கிடக்கு!"

"அது நான் படம் எடுக்கத் திறந்தனான்."

"எடுத்தாப் பிறகு பூட்டேல்லையோ?"

இந்தக் கேள்விக்கு நான் இன்றுவரை பதில் சொல்லவில்லை.

சிவப்பி எங்கள் மாடு. எங்கள் மாடு என்பது ஒரு பேச்சுக்கு. அது தவமணியின் மாடு. கன்றாக இருந்தபோது தாய் செத்து, போத்தலில் பால் பருக்கி வளர்த்தது. இப்போது முதல் முறை கன்றுத்தாச்சி. இன்றைக்கோ நாளைக்கோ என்று நின்றது. வயிற்றோடு நிற்கிற மாட்டை இறுக்கிக் கட்டக்கூடாது என்று அவள்தான் அவிழ்த்து வளவுக்குள் விட்டிருந்தாள். முதல் கன்று... பற்றைக்குள் எங்கேயாவது தனியே படுத்துக் கன்று போட்டால்? நாய், நரி வந்தால்? விதைத்த வயலுக்குள் இறங்கி யாராவது கோபத்தில் தடியால் போட்டால்? தவமணி அடுப்பில் இருந்த கறியை இறக்கி வைத்துவிட்டு, செருப்பும் போடாமல் ஒழுங்கைக்கு ஓடினாள். நான் மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

அன்று பகல் முழுக்கத் தேடினோம். இல்லை.

மறுநாள் காலை கேதீஸ் தொலைபேசியில் வந்தார். "அத்தான், மன்றத்தில போடுங்கோ. கிளிநொச்சி முழுக்க ஆக்கள் இருக்கினம். எங்கயாவது கண்டிருப்பினம்."

நல்ல யோசனை. எழுதினேன். சிவப்பு நிறம், கன்றுத்தாச்சி, வலது பின்தொடையில் "த" என்று சுட்ட குறி, கண்டவர்கள் அறிவிக்கவும். படமும் வேண்டுமாம். என் போனில் சிவப்பியின் படம் தேடினேன். என் படம்தான் இருந்தது. அந்த நல்ல சிரிப்புப் படத்தின் மூலையில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. பெருப்பித்துப் பார்த்தேன். சிவப்பிதான்! சரி, வேறு வழியில்லை என்று அதையே போட்டுவிட்டேன்.

முதல் பதில் வந்தது: "விலை என்ன?"

நான் எழுதியது "கால்நடை விற்பனை" என்ற பிரிவிலாம். கேதீஸ் அதைத் தூக்கி "காணவில்லை" பிரிவில் வைத்தார். நான் கொடுத்திருந்த தொலைபேசி இலக்கத்தையும் அழித்தார். "பொதுவில நம்பர் போடக்கூடாது அத்தான், விதி. தேவையானவை தனிமடலில கேப்பினம்" என்றார். நான் ஓம் ஓம் என்றேன். தனிமடல் என்றால் என்ன என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மைத்துனரிடம் தெரியாது என்று சொல்ல எந்த ஆம்பிளைக்கு நாக்கு வரும்?

இரண்டாவது பதில் கனடாவிலிருந்து. "பனிக்காட்டு வன்னியன்" என்று ஒருவர். "அண்ணை, படத்தை வடிவாய்ப் பாருங்கோ. மாடு உங்களுக்குப் பின்னால படலையால போய்க்கொண்டிருக்கு. நீங்கள் சிரிக்கிறியள்."

உண்மைதான். அந்தப் படத்தில் சிவப்பியின் தலையும் முன்னங்கால்களும் ஏற்கனவே வெளியில். மீதிதான் வளவுக்குள். எனக்குப் பின்னால் ஒரு பொருள் காணாமற்போகும் கணத்தை நானே முன்னின்று படம் பிடித்திருக்கிறேன் — பல் தெரிய.

அந்தப் பதிலுக்கு மன்றம் முழுக்க விருப்பம் போட்டது. நானும் ஒன்று போட்டேன். அது அந்தப் பொத்தான் என்று தெரியாமல்.

இனி, எனக்குப் பொறுமை இல்லை என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். கதிரையில் இருந்தால் கால் ஆடுகிறது. எழும்பிப் படலைக்குப் போகிறேன். ஒழுங்கையைப் பார்க்கிறேன். திரும்ப வந்து போனைப் பார்க்கிறேன். பக்கத்தைப் புதுப்பிக்கிறேன். ஒன்றுமில்லை. திரும்பவும் படலை. திரும்பவும் போன். இப்படி அமத்திக்கொண்டிருந்தபோது கை எங்கேயோ பட்டு ஒரு பெட்டி திறந்தது. "உங்கள் கேள்வி?" என்றது. "மாடு எந்தப் பக்கம் போயிருக்கும்?" என்று எழுதினேன். "தெரிவுகள்?" என்றது. குளக்கட்டுப் பக்கம், காட்டுப் பக்கம், றெயில் பாதைப் பக்கம், வட்டக்கச்சிப் பக்கம் என்று எனக்குத் தோன்றியதை நிரப்பினேன். இடங்களைக் கேட்டுத் தேடித்தரப் போகிறது என்று நினைத்தேன்.

அது வாக்கெடுப்பாம்.

மாட்டைத் தொலைத்துவிட்டு அது எங்கே என்று தேர்தல் வைத்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, எங்கள் ஆட்கள் வாக்குப் போடுவதற்கு ஒருநாளும் பின்நிற்பதில்லை. பின்னேரத்துக்குள் குவிந்துவிட்டது. லண்டனிலிருந்து போட்டார்கள். முல்லைத்தீவிலிருந்து போட்டார்கள். கனடா வன்னியன் போட்டதோடு நிற்காமல், மாடுகளுக்குத் தண்ணீர் வாசம் தெரியும் என்று ஒரு கட்டுரையே எழுதி, குளக்கட்டுக்குப் பிரசாரமும் செய்தார். குளக்கட்டுப் பக்கம் அமோக வெற்றி. காட்டுப் பக்கம் எதிர்க்கட்சி. வட்டக்கச்சிப் பக்கத்துக்கு ஒரேயொரு வாக்கு.

"வட்டக்கச்சிப் பக்கம் ஒருக்காப் பாத்திட்டு வாங்கோவன்" என்றாள் தவமணி. "வாய்க்கால் ஓரம் முழுக்கப் புல்லுக் கிடக்கு. அது தின்டு தின்டு அப்பிடியே போயிருக்கும்."

"உமக்கு விளங்காது. அதுக்கு ஒரு வாக்குத்தான் விழுந்திருக்கு."

"மாடு வாக்குப் பாத்தோ போகும்?"

மனைவியின் வாக்கு மன்றத்தில் பதிவாகவில்லை. ஆகவே நான் மக்கள் தீர்ப்பை மதித்துக் குளக்கட்டுக்குப் போனேன். மழை வேறு. கட்டு நீளத்துக்கு நடந்தேன். தொட்டாச்சிணுங்கி முள் காலில் கோலம் போட்டது. நிறைய மாடுகளைக் கண்டேன். எல்லாம் அவரவர் மாடுகள்.

இதற்கிடையில் மன்றத்தில் நான் வேறொரு காரியமும் செய்துகொண்டிருந்தேன். தெரியாமல் அல்ல, பண்பாக.

எங்கள் பக்கத்தில் ஒருவரோடு கதைத்துக்கொண்டிருந்துவிட்டுச் சும்மா எழும்பிப் போக முடியுமா? "அப்ப, போட்டு வாறன்" என்று சொல்லவேண்டும். வெறும் "போறன்" என்றால் வீட்டுக்காரர் முகம் கறுக்கும், அது திரும்பி வராத ஆளின் சொல். போட்டு வாறன் என்று சொன்னால் இருக்கிறவர் "ஓம், போட்டு வாங்கோ" என்று சொல்லவேண்டும். அப்போதுதான் கால் படலையைத் தாண்டும். சின்ன வயதிலிருந்து ஊறினது.

மன்றத்தில் இத்தனை பேர் எனக்காக வந்து கதைக்கிறார்கள். நான் தேநீர் குடிக்கப் போனை வைக்கிறேன். சொல்லாமல் வைக்கலாமா? "போட்டு வாறன்" என்று எழுதினேன். உடனே ஐந்தாறு பேர்: "ஓம் அண்ணை, போட்டு வாங்கோ." தேநீர் முடிந்து வந்து "வந்திட்டன்" என்று எழுதினேன். "வாங்கோ வாங்கோ." குளிக்கப் போகமுன் போட்டு வாறன். குளித்துவிட்டு வந்திட்டன். குளக்கட்டுக்குப் போகும்போது போட்டு வாறன் — அதற்கு மட்டும் ஒரு கூட்டமே வந்து வழியனுப்பியது.

இதனால் என்ன நடக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒருவர் தொடங்குகிற கதையும் அதற்கு வருகிற பதில்களும் சேர்ந்ததை இழை என்கிறார்கள். ஒவ்வொரு புதுப் பதிலுக்கும் அந்த இழை எழும்பி மன்றத்தின் உச்சியில் போய் நிற்குமாம். என் இழை மூன்று நாளாக உச்சியை விட்டு இறங்கவேயில்லை. "புதியவர்" என்றிருந்த என் பதவியும் "துடிப்பான உறுப்பினர்" என்று உயர்ந்துவிட்டது. எல்லாம் வணக்கமும் வழியனுப்புதலும்தான். மாட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை.

கேதீஸ் எடுத்தார். பின்னால் கடையில் யாரோ சுத்தியலால் அடிக்கிற சத்தம்.

"அத்தான், குறை நினையாதேங்கோ. உங்கட இழையைப் பூட்டிப்போட்டன்."

"என்னத்தைப் பூட்டினீர்?"

"இழையை. இனி ஒருத்தரும் அதில எழுதேலாது. விதைப்பு நேரம் அத்தான். சனம் முளைக்காத நெல்லுக்கு என்ன செய்யிறதெண்டு கேட்டு எழுதுது. உங்கட போட்டு வாறனால அதெல்லாம் மூண்டாம் பக்கத்துக்குப் போட்டுது. முறைப்பாடு வந்திட்டுது."

"படலையைப் பூட்டாமல் மாடு போச்சு. இப்ப இழையைப் பூட்டினால் அது எப்பிடி ஐசே வரும்?"

"கண்ட ஆக்கள் தனியச் சொல்லுவினம். பயப்பிடாதேங்கோ." பிறகு குரலைத் தாழ்த்தி, "அக்கா என்ன சொல்லுறா?" என்றார்.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயம். வெறும் கொட்டிலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். ஒரு மாடு நின்ற இடத்தை, மாடில்லாத நாளிலும், காலையும் பின்னேரமும். கோயிலுக்குப் பொங்கல் நேர்ந்திருந்தாள். முழங்கால் நோவோடு அயல் ஒழுங்கை முழுவதும் நடந்து கேட்டுவிட்டு வந்தாள். என்னைப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

இழை பூட்டிய அன்றுதான் அந்தச் சிவப்பு இலக்கம் முதன்முதலில் வந்தது. மேல் மூலையில், ஒரு சின்ன வெள்ளைச் சதுரத்தின் தோளில். 1 என்று. பின்னேரம் 2. நான் ஒரு சொல்லும் எழுதவில்லை, எழுதவும் முடியாது... இலக்கம் ஏறுகிறது! எனக்கு விளங்கிவிட்டது. புள்ளி போடுகிறார்கள். ஒழுங்காக, அடக்கமாக இருக்கிற உறுப்பினருக்குப் புள்ளி.

"பேசாமல் இருக்க இருக்கப் புள்ளி ஏறுது தவமணி! என்ன மாதிரி ஒரு மன்றம் பாத்தீரோ?"

"வீட்டிலயும் அப்பிடித்தான். ஒருக்காப் பரீட்சிச்சுப் பாருங்கோ."

கேதீசிடமும் சொன்னேன். "எனக்கு இப்ப நாலு வந்திட்டுது." அவர் யாருக்கோ பெல்ட் அளந்து கொடுத்துக்கொண்டிருந்தார். "நல்லது அத்தான், இன்னும் கூடும்" என்று வைத்துவிட்டார்.

கூடியது. ஐந்து. ஆறு. மாட்டை நினைத்தால் எழும்பி நடப்பேன். றோட்டுக்குப் போய் வருகிற போகிறவர்களைக் கேட்பேன். திரும்பி வந்து அந்த இலக்கத்தைப் பார்ப்பேன். மனம் கொஞ்சம் ஆறும். மாடு போனாலும் மானம் கூடுகிறதே என்று.

எட்டு வந்த அன்று காலை. தவமணி தேநீர் கொண்டுவந்து வைத்தவள், என் தோளுக்கு மேலால் போனை எட்டிப் பார்த்தாள்.

"இதென்ன சிவப்பாய்?"

"அதுதான் என்ர புள்ளி. எட்டு."

"புள்ளிக்கு ஏன் கடித உறை கீறிக் கிடக்கு?"

பார்த்தேன். சின்ன வெள்ளைச் சதுரம். அதில் மூலைக்கு மூலை இரண்டு கோடு. மடித்து ஒட்டின உறை. என் கையால் எத்தனை ஆயிரம் உறைகளுக்கு முத்திரை குத்தியிருப்பேன்!

"தபாற்கந்தோரில இருந்த மனுசன்..." என்று தொடங்கினாள். முடிக்கவில்லை. விரலை நீட்டி அந்த உறையை அமத்தினாள்.

எட்டுக் கடிதங்கள். எல்லாம் ஒருவரிடமிருந்து. பெயர் "மூன்றாம் வாய்க்கால்". இருவரும் தலையோடு தலை முட்ட வாசித்தோம். கீழிருந்து மேலாக, வந்த ஒழுங்கில் தருகிறேன்.

"மாடு இஞ்ச நிக்குது."

"த குறி. உங்கடயோ?"

"நம்பர் அனுப்புங்கோ."

"மாடு படுத்துப் படுத்து எழும்புது."

"கண்டு போட்டிட்டுது. நாகு."

"இளங்கொடி ஆலமரத்தில கட்டியாச்சு."

"கடும்பு காய்ச்சினனாங்கள். குறை நினையாதேங்கோ."

"இருக்கிறியளோ இல்லையோ?"

தவமணி ஐந்தாவதில் நின்றுவிட்டாள். நாகு என்றால் பசுக்கன்று. "நாகாம்..." என்றாள். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். பிறகு மிச்சத்தை வாசித்தாள். முகம் தெரியாத ஒரு ஆள், எங்கள் மாட்டின் நச்சுக்கொடியை முறைப்படி கொண்டுபோய்ப் பால்மரத்தில் கட்டியிருக்கிறார். முதல் பாலைக் காய்ச்சிவிட்டு, உங்கள் பாலை எடுத்துவிட்டோம், கோபிக்காதீர்கள் என்று எழுதியிருக்கிறார். நான் அதைப் பார்த்து ஏழு என்று எண்ணிவிட்டுத் தேநீர்க் கடைக்குப் போயிருக்கிறேன்.

கவுண்டரில் இருந்த காலத்தில், கடிதம் வரவில்லை வரவில்லை என்று நாள்தோறும் வந்து கேட்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வந்து கிடந்தும் எடுக்க வராதவர்களைப் பார்த்து இப்படியும் மனிதர்களா என்று ஆச்சரியப்பட்டும் இருக்கிறேன். ஒரே ஆள் இரண்டுமாக இருக்கலாம் என்பது தெரியாது.

பதில் எழுதத் தெரியவில்லை. கேதீஸ் சொல்லிக் கொடுத்து, என் நம்பரை அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் தொலைபேசி அடித்தது. ஒரு பெண் குரல். "வட்டக்கச்சி. மூண்டாம் வாய்க்கால், பாலத்தடி வீடு." வைத்துவிட்டா.

வட்டக்கச்சி!

கேதீஸ் கடையைச் சாத்திவிட்டுச் சின்ன லொறி ஒன்றோடு வந்தார். வழியெல்லாம் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓட்டினார். அடக்கிக்கொண்டு என்பது என் மரியாதைக்குச் சொல்வது.

பாலத்தடி வீட்டில் அந்தக் குரலுக்குரிய பாக்கியம் அக்கா நின்றா. ஐம்பது வயதைத் தாண்டியவா. மெலிந்த உடம்பு, சேற்றுக் கால். வயலிலிருந்து அப்போதுதான் ஏறியிருந்தா. வேலிக்கரை மாமரத்தடியில் சிவப்பி. அதன் காலுக்குள் தலையை முட்டிக்கொண்டு, சிவப்பாக, ஈரமூக்கோடு ஒன்று.

தவமணி என்னையும் கேதீசையும் விலத்திக்கொண்டு ஓடினாள். சிவப்பி அவளை மணந்துவிட்டு ஒரு குரல் கொடுத்தது. அவள் கன்றின் தலையைத் தடவிக்கொண்டு கீழேயே இருந்துவிட்டாள். இந்த முறை மூக்கை மட்டும் துடைக்கவில்லை.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன். "அக்கா, நான் மன்னிப்புக் கேக்கவேணும்... அந்த இலக்கத்தை நான் என்ன நினைச்சனான் எண்டால்..."

"முதல் தண்ணி குடியுங்கோ."

குடித்தேன். வாசலுக்கு நேரே வயல். அதில் ஒரு பாய் அகலத்துக்கு முளை இல்லை. சேறு மட்டும். சிவப்பியின் வேலை என்று சொல்லத் தேவையில்லை. நான் அதைப் பார்ப்பதை அவா பார்த்தா.

"தின்டது தின்டதுதான். வாயும் வயிறுமாய் வந்தது. அடிக்கேலுமே?"

"நீங்கள் அந்த இழையிலயே எழுதியிருக்கலாமே அக்கா, மாடு இஞ்ச நிக்குதெண்டு?"

"வட்டக்கச்சி எண்டு போட்டனே."

"எங்க போட்டனீங்கள்?"

"வாக்கு."

கேதீஸ் லொறிக்குப் பின்னால் போய்விட்டார். தோள் குலுங்குவது அங்கேயிருந்தும் தெரிந்தது.

யோசித்துப் பாருங்கள். நான் எந்தப் பக்கம் என்று கேட்டேன். அவா மாட்டைக் கையில் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் என்று ஒரு வாக்குப் போட்டிருக்கிறா. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியாயிற்று. அதற்கு மேல் என்ன? நாள் போயும் ஆள் வரவில்லையே என்று எழுதப் போயிருக்கிறா. இழை பூட்டிக் கிடந்திருக்கிறது. அதனால் தனிமடல். மாட்டைக் காணாதவர்கள் எல்லாரும் பக்கம் பக்கமாக எழுதினோம். மாட்டை வைத்திருந்தவர் மட்டும் சொல்லை எண்ணி எண்ணிச் செலவழித்தா. யார் எதற்கு வாக்களித்தார் என்று தொட்டுப் பார்க்கவும் அந்தப் பெட்டியில் வசதி இருக்கிறதாம். அதையும் பிறகுதான் படித்தேன்.

கன்றைக் கேதீஸ் தூக்கி லொறியில் வைக்க, சிவப்பி தானாகப் பின்னால் ஏறியது. கழுத்தில் பாக்கியம் அக்காவின் கயிறு. தும்புக் கயிறு, புதிது, அவாவே திரித்ததாம். வெளிக்கிடும்போது அதைத் தொட்டுக் காட்டினா. "கயிறு என்ர. கொண்டந்து தாங்கோ."

எங்கள் பக்கத்தில் மாட்டைக் கொடுக்கிறவர்கள் கயிற்றைக் கொடுப்பதில்லை. கயிறு போனால் அந்த வீட்டு மாட்டு ராசியும் கூடப் போகும் என்பார்கள். அது எனக்கும் தெரியும். "ஓம் அக்கா, நாளைக்கே!" என்றேன். "அப்ப, போட்டு வாறம்."

"ஓம்" என்றா. அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நன்றியை ஒழுங்காகச் சொல்லவில்லை என்று மனம் அரித்தது. முகத்துக்கு நேரே சொல்ல விடவில்லை, எழுதித்தானே சொல்லவேண்டும்? அடுத்த இரண்டு நாளும் கேதீசை அரித்து மன்றத்தின் வித்தைகள் எல்லாவற்றையும் படித்தேன். எழுத்தைத் தடிப்பாக்குவது. நிறம் மாற்றுவது. மற்றவர் எழுதியதைப் பெட்டிக்குள் மேற்கோளாக இட்டு, அதன் கீழ் பதில் சொல்வது. படம் இணைப்பது. சிரிக்கிற முகம், கைகூப்புகிற முகம் போடுவது.

பிறகு இருந்து எழுதினேன். அவாவின் எட்டுக் கடிதங்களையும் எட்டு மேற்கோளாக இட்டு, ஒவ்வொன்றின் கீழும் ஒரு பந்தி. நாகு என்ற சொல்லுக்குப் பச்சை நிறம். இளங்கொடிக்குத் தடித்த எழுத்து. தவமணி கன்றுக்கு "பாக்கியம்" என்றே பெயர் வைத்துவிட்டாள் என்ற செய்தி. கன்றின் படம் — இந்த முறை நான் அதில் இல்லை, படலையும் பூட்டியிருந்தது. கடைசியில் விரல் தன்பாட்டில் "அப்ப, போட்டு..." என்று தொடங்கியது. அழித்தேன். படித்துவிட்டேன் அல்லவா?

அனுப்பினேன்.

எழும்பினேன். படலைக்குப் போனேன். வந்தேன். பார்த்தேன். இல்லை. கொட்டிலுக்குப் போனேன். வந்தேன். உறை வெறுமையாகக் கிடந்தது. கன்று பால் குடிப்பதைப் பார்த்தேன். வந்தேன். அவா வாசித்திருப்பாவா? கண் கலங்கியிருப்பாவா? என்ன எழுதுவா? அந்த நிறங்களைப் பற்றி ஏதும் சொல்லுவாவா?

வந்தது! உறையின் தோளில் சிவப்பாக 1. இனி அது என்னவென்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. "தவமணி, ஓடி வாரும்!" என்று கூப்பிட்டுவிட்டு, அவள் வருவதற்குள் திறந்தேன்.

"கயிறு?"